முதல் ஸ்க்ரோல் சா வாங்கும் முன்: பிளேடைப் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மரவேலை ஆசை உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு பருவம் உண்டு. ஒன்று தீபாவளிக்கு முன்னால், வீட்டைப் புதுப்பிக்கும் நேரம். மற்றொன்று தைப்பூசத்துக்கு முன்னால், ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர்கள் தயாராகும் நேரம். சாமி மேடைக்குப் பின்னால் வைக்க ஒரு பூவேலைப் பலகை, வாசலில் மாட்ட அப்பா பெயர் வெட்டிய பலகை, காவடியில் பொருத்த மயில் தோகை என்று ஆசைகள் பலவிதம். எல்லோரும் கேட்பது மட்டும் ஒரே கேள்வி: "அண்ணே, ஸ்க்ரோல் சா ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். எத்தனை வாட் பாத்து வாங்கணும்?"

வாட் கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமலே விட்டாலும் பெரிய நஷ்டமில்லை. முதலில் பார்க்க வேண்டியது, அந்த மெஷின் பிளேடை எப்படிப் பிடிக்கிறது, அதைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரமாகிறது என்பதைத்தான். நான் இப்படிச் சொல்வதன் காரணம் புரிய, ஸ்க்ரோல் சா செய்யும் வேலை என்ன என்று தெரிய வேண்டும்.

ஸ்க்ரோல் சா ஒரு மேசை மெஷின். மிக மெல்லிய ஒரு பிளேடை மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் இறுக்கிப் பிடித்து, மேலும் கீழும் ஆட்டும். பிளேடு நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். பலகையை நாம்தான் இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். தையல் மெஷினில் துணியை நகர்த்திப் பழகியவர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் சீக்கிரம் வந்துவிடும்.

நம் ஊர் ஹார்டுவேர் கடையில் எளிதாகக் கிடைக்கும் ஜிக்சா வேறு. அதில் பிளேடு ஒரு முனையில் மட்டும்தான் மாட்டியிருக்கும். அதனால் பிளேடு தடிப்பாக இருந்தாக வேண்டும், வளைவும் பெரிதாகத்தான் வரும். சமையலறை மேசையில் சிங்க்குக்கு ஓட்டை போட அது போதும், மயில் கண்ணுக்குப் போதாது. தச்சுப் பட்டறையில் இருக்கும் பேண்ட் சாவும் வேறு. அதன் பிளேடு முடிவில்லாத வளையம். பலகையின் ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டு உள்ளே போகலாமே தவிர, ஓரத்தைத் தொடாமல் நடுவில் மட்டும் ஒரு வடிவத்தை வெட்டி எடுக்க முடியாது.

அந்த வேலைக்குத்தான் ஸ்க்ரோல் சா. வெட்டி எடுக்க வேண்டிய இடத்துக்குள் டிரில்லால் சின்ன ஓட்டை போடுவோம். பிளேடின் மேல்முனையைக் கழற்றி, ஓட்டைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி இறுக்கி, உள்ளே சுற்றிவர அறுப்போம். துண்டு கீழே விழும். பிளேடைக் கழற்றி அடுத்த ஓட்டைக்குப் போவோம். இதை உள்வெட்டு என்று வைத்துக்கொள்வோம். சாமி மேடைப் பலகையில் கொடியும் பூவுமாக நாற்பது ஜன்னல் இருந்தால், பிளேடை நாற்பது முறை கழற்றி நாற்பது முறை மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் அரை நிமிடம் ஆகும் மெஷினும், மூன்று நிமிடம் ஆகும் மெஷினும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது, வாட்டும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றில் வேலை செய்தவர் அடுத்த பலகையை வரையத் தொடங்கியிருப்பார். இன்னொன்றை வாங்கியவரின் மெஷின் காரை நிறுத்தும் இடத்தில் துணி மூடிக் கிடக்கும்.

பின் உள்ள பிளேடு, பின் இல்லாத பிளேடு

பிளேடில் இரண்டு குடும்பம் உண்டு. இரண்டு முனையிலும் குறுக்காக ஒரு சின்னக் கம்பித் துண்டு பொருத்தியது ஒன்று; அதைப் பின் பிளேடு என்பார்கள். மற்றது வெறும் தட்டை முனை. இரண்டுமே ஏறக்குறைய 5 அங்குல நீளம்தான்.

பின் பிளேடை மாட்டுவது மிகச் சுலபம். கொக்கியில் கம்பியைத் தொங்கவிட்டு இறுக்கினால் போதும், நழுவாது. புதியவர்களுக்கு இதுதான் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கம்பி ஓட்டைக்குள் நுழைய வேண்டுமே! அதற்குக் குறைந்தது 5 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். பின் பிளேடின் உடம்பும் அகலம், பெரும்பாலும் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல். அகலமான பிளேடு சின்ன வளைவில் திரும்பாது. தட்டை முனை பிளேடில் 5-ஆம் நம்பரை எடுத்துக்கொண்டால் அகலம் சுமார் 1 மில்லிமீட்டர், தடிப்பு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 1.5 மில்லிமீட்டர் டிரில் போட்ட ஓட்டையில் நுழைந்துவிடும். ஊசி முனை மாதிரியான மூலையில்கூட நின்ற இடத்தில் திரும்பும்.

ஒரு பெயர்ப்பலகையை வைத்துப் பார்ப்போம். 'சண்முகம்' என்று எழுத்தை வெட்டி எடுத்து வேறு பலகையில் ஒட்டப் போகிறீர்கள். எழுத்தின் உயரம் 4 சென்டிமீட்டர். வெளிச்சுற்று எந்த பிளேடாலும் வரும். சிக்கல் மூன்று சுழி 'ண'வில் தொடங்குகிறது. சுழிக்குள் அடைபட்டிருக்கும் வெளி இந்த உயரத்தில் பட்டாணி அளவுகூட இருக்காது. 5 மில்லிமீட்டர் டிரில்லை அங்கே வைத்தால் சுழியின் சுவரே உடைந்து போகும். 'க'வின் வயிற்றுக்குள்ளும் அதே கதை. பின் பிளேடு மட்டும் எடுக்கும் மெஷினோடு இந்தப் பலகைக்கு முன் உட்கார்ந்தால் இரண்டே வழி: எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் சுழியை அடைத்துவிட வேண்டும். நம் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம். ஆங்கில எழுத்தை மட்டும் வெட்டுகிறவருக்குப் பின் பிளேடு போதுமானதாக இருக்கலாம், தமிழ் எழுத்தை வெட்டுகிறவருக்குப் போதவே போதாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அதே பெயரைப் பலகையில் துளையாக வெட்டுவதாக இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 'க'வின் உள்ளிருக்கும் துண்டு தனியே கழன்று விழுந்துவிடும். அது நிற்க, இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாலத்தை வரையும்போதே விட்டுவிட வேண்டும்.

ஆகவே கடையில் முதல் கேள்வி: "பின் இல்லாத பிளேடு போடலாமா?" விலை குறைந்த சில மெஷின்கள் பின் பிளேடு மட்டும் எடுக்கும். பல மெஷின்கள் இரண்டையும் எடுக்கும், ஆனால் தட்டை முனைக்கென்று தனியாக ஒரு பிடிப்பானைக் கூடவே பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பிடிப்பானைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதைத் திருக ஆறுமுகச் சாவி வேண்டுமா, விரலாலேயே திருகும் குமிழ் இருக்கிறதா? சாவி வேண்டுமென்றால் நாற்பது ஜன்னலுக்கு எத்தனை முறை அந்தச் சாவியைத் தேடுவீர்கள் என்று யோசியுங்கள். சில மெஷின்களில் பிளேடின் இரண்டு முனைக்கும் பிடிப்பானை வெளியே வைத்தே மாட்டி, அதை அப்படியே கொண்டுபோய்க் கொக்கியில் தொங்கவிட வேண்டும். அப்படிப்பட்டதில் பிடிப்பான் ஓட்டைக்குள் நுழையாது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் பிடிப்பானிலிருந்து பிளேடை முழுக்கக் கழற்ற வேண்டிவரும். இதை வாங்காமல் விடுவது நல்லது.

நல்ல மெஷினில் வேலை இப்படி நடக்கும். முன்பக்கம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் நெம்புகோலைத் தளர்த்துவீர்கள், பிளேடின் விறைப்பு போகும். மேல்பிடிப்பின் குமிழை அரைச் சுற்று திருகினால் பிளேடின் மேல்முனை விடுபடும். மெஷினின் மேல்கையை, அதாவது பிளேடின் மேல்முனையைப் பிடித்திருக்கும் நீளக் கையைத் தூக்கினால், அது தூக்கிய இடத்திலேயே நிற்கும். கீழ்முனை பிடியை விடாமல் மேசை நடுவில் பிளேடு நிமிர்ந்து நிற்கும். பலகையை அதன் மேலிருந்து இறக்கி, ஓட்டைக்குள் பிளேடை வரவிட்டு, மேல்கையை இறக்கி, குமிழைத் திருகி, நெம்புகோலை மறுபடி விறைப்பாக்கினால் முடிந்தது. மேல்கை தானாக நிற்காவிட்டால் ஒரு கை அதைத் தாங்கியே இருக்க வேண்டும், ஒற்றைக் கையால் பலகையை நுழைக்கத் தடுமாறுவீர்கள். விறைப்புக் குமிழ் மெஷினின் பின்கோடியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் உடம்பை வளைத்து எட்ட வேண்டும். இதெல்லாம் விளம்பரத்தில் வராது, கடையில் நின்று ஒரு முறை நீங்களே கழற்றி மாட்டினால் உடனே தெரியும். கடைக்காரர் தயங்கினாலும் கேட்டுச் செய்து பாருங்கள்.

தட்டை முனை பிளேடு நழுவுகிறது என்று ஒரு குறை பரவலாக உண்டு. பெரும்பாலும் காரணம் மெஷின் அல்ல. புது பிளேடில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். முனைகளை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு மாட்டினால் நழுவுவது நின்றுவிடும். பிடிப்பின் தாடைகளையும் அப்படியே அவ்வப்போது துடையுங்கள்.

அதிர்வு

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது அதிர்வு. மெஷினின் கை நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் மேலும் கீழும் போனால் மெஷின் ஆடத்தான் செய்யும். எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் கேள்வி. ஆட்டம் கூடினால் பென்சில் கோடு கண்ணுக்கு இரண்டாகத் தெரியும், நம் கை சீக்கிரம் மரத்துப் போகும். தாமான் என்னும் குடியிருப்பு வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். மேசை ஆடும் ஓசை அந்தச் சுவர் வழியே போகும். இரவு பத்து மணிக்கு மேல் வேலை செய்ய நினைப்பவர்கள் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும்.

கடையில் மெஷினை ஓடவிட்டு, மேசைத் தட்டில் 50 சென் காசு ஒன்றை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். குறைந்த வேகத்தில் நின்றாலே அந்த விலைக்கு நல்ல மெஷின். உச்ச வேகத்திலும் நின்றால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் ஒன்று, கடை மேசையில் சும்மா வைத்திருக்கும் மெஷின் எதுவும் ஆடும். கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கினால் பாதி ஆட்டம் போய்விடும். அடியில் ரப்பர் பட்டையும் வைக்கலாம். கிழிந்த மோட்டார் சைக்கிள் டயர் துண்டே போதும். கனமான வார்ப்பிரும்பு உடம்பு, எடை குறைந்த தகர உடம்பைவிட எப்போதும் மேல். வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். தூக்கச் சிரமமாக இருந்தால் அதை ஒரு நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கையின் அமைப்பும் அதிர்வைத் தீர்மானிக்கிறது. ஆரம்ப விலை மெஷின்களில் பெரும்பாலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு நீளக் கைகள் இணையாக ஆடும். பிளேடு ஏறக்குறைய நேராக ஏறி இறங்கும். இந்த அமைப்பில் குறை ஒன்றும் இல்லை. வேறு சிலவற்றில் மேல்கையும் கீழ்கையும் சேர்ந்து ஒரே வளைந்த சட்டமாக இருக்கும். அதில் பிளேடு லேசான வளைவில் போகும், வேகமாக அறுக்கும், ஆனால் மூலைகளில் கட்டுப்படுத்தக் கை பழக வேண்டும். விலை உயர்ந்தவற்றில் நீளக் கைகள் ஆடாமல், முன்கோடியில் உள்ள குட்டைத் துண்டுகள் மட்டும் ஆடும். ஆடும் எடை குறைவு என்பதால் அதிர்வும் குறைவு. முதல் மெஷினுக்கு இது கட்டாயமில்லை. சில நூறு வெள்ளியில் (ரிங்கிட்) கிடைக்கும் இணைகை மெஷின் போதும். ஆயிரங்களில் செலவழிப்பதை இரண்டாவது மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேகம், நீளம், தடிப்பு, வாட்

வேகத்தை மாற்றும் குமிழ் கட்டாயம் வேண்டும். நிமிடத்துக்கு 400 முதல் 1600 முறை வரை என்பது வழக்கமான அளவு. மெல்லிய பிளைவுட்டில் வேகம் கூடினால் கை கோட்டை விட்டுப் போகும். பெர்ஸ்பெக்ஸ் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை அறுத்தால் உருகி, அறுத்த வாய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதற்கெல்லாம் குறைந்த வேகம்தான் சரி. ஒரே வேகத்தில் ஓடும் மெஷின் விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கடையில் 16 அங்குலம், 20 அங்குலம் என்று சொல்வது பிளேடிலிருந்து பின்னால் இருக்கும் தண்டு வரையுள்ள தூரத்தை. பலகையைத் திருப்பும்போது அது இடிக்காமல் சுற்ற எவ்வளவு இடம் என்பதே இதன் பொருள். பெயர்ப்பலகை, மயில், பிள்ளையார் எல்லாவற்றுக்கும் 16 அங்குலம் தாராளம். கதவளவு பலகை வெட்டுகிறவருக்கு மட்டும்தான் கூடுதல் வேண்டும். எப்போதாவது ஒரு நீளப் பலகை வந்தால், நாலாபக்கமும் பல் உள்ள முறுக்கு பிளேடு விற்கிறார்கள். அதைப் போட்டால் பலகையைத் திருப்பாமலே எந்தத் திசையிலும் அறுக்கலாம். வெட்டு கொஞ்சம் சொரசொரப்பாக வரும்.

2 அங்குலத் தடிப்பு வரை அறுக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது உண்மைதான், ஆனால் சுகமாக அறுப்பது முக்கால் அங்குலம் வரைதான். வாட்டைப் பற்றிச் சொன்னேனே: ஸ்க்ரோல் சா மோட்டார் 90 வாட்டோ 120 வாட்டோ இருந்தாலே போதும். மெல்லிய பிளேடு அதற்கு மேல் சுமை தாங்காது, தள்ளினால் மோட்டார் திணறுவதற்கு முன் பிளேடு அறுந்துவிடும்.

இணையத்தில் பழைய அமெரிக்க மெஷின்கள் மலிவாக வருவதுண்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. சில வகை மோட்டார்கள் அதனால் மெதுவாக ஓடிச் சூடேறும். டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் கூட்டினால் மலிவு போய்விடும். நம் ஊர் மூன்று கால் பிளக்கோடு வரும் மெஷினையே வாங்குங்கள்.

பிளேடும் மரமும்

மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை பிளேடுக்கென்று பிடித்து வையுங்கள். பிளேடு டஜன் கணக்கில் விற்கும் பொருள். கடினமான மரத்தில் அரை மணி நேரம் அறுத்தாலே மழுங்கிவிடும். மழுங்கியதைத் தூக்கிப்போட மனம் வராமல் தள்ளித் தள்ளி அறுப்பதால்தான் கோடு விலகுகிறது, மரம் கருகுகிறது. கூடவே வரும் இலவச பிளேடுகளை வைத்து மெஷினின் தரத்தை முடிவு செய்ய வேண்டாம். நல்ல பிளேடு போட்ட சாதாரண மெஷின், மட்டமான பிளேடு போட்ட விலையுயர்ந்த மெஷினைவிட நன்றாக வெட்டும். ஸ்விட்சர்லாந்தின் பெகாஸ், அமெரிக்காவின் ஓல்சன் இரண்டும் நல்ல பெயர் உள்ளவை.

நம்பர் கூடக் கூட பிளேடு தடிக்கும். ஆரம்பத்தில் மூன்று நம்பர் போதும்: மெல்லிய பிளைவுட்டுக்கும் சின்னச் சுழிக்கும் 3, அரையிலிருந்து முக்கால் அங்குலப் பலகைக்கு 5, அதற்கு மேல் தடித்த மரத்துக்கு 7. கீழ்ப்பகுதியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் பிளேடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பிளைவுட்டின் அடிப்பக்கம் சிலும்பாமல் வரும், உப்புத்தாள் வேலை மிச்சம். பற்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். விரலைத் தடவிப் பார்த்தால் எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று தெரியும். விறைப்பு சரியா என்று பார்க்க பிளேடை விரலால் மீட்டுங்கள். கிண்ணென்று தெளிவான ஓசை வர வேண்டும். மொத்தென்று கேட்டால் இன்னும் இறுக்குங்கள்.

மரத்துக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. தோட்டங்களில் பால் வற்றிய ரப்பர் மரங்களை 25, 30 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்வார்கள். அந்த மரம்தான் மலேசியத் தளவாட (மேசை, நாற்காலி, அலமாரி) தொழிலின் முதுகெலும்பு. ஜொகூரின் மூவார் பக்கம் அந்தத் தொழிலுக்கே பேர் போனது. ரப்பர் மரம் வெளிர் நிறம், இழை சீர், பென்சில் கோடு தெளிவாகத் தெரியும், பிளேடுக்கும் பெரிய தொல்லை கொடுக்காது. தாத்தா பாட்டி பால் வெட்டிய மரத்தில் அவர்கள் பெயரை வெட்டி மாட்டுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் மறுநடவில் சாய்த்த மரத்தை விறகோடு விறகாக எடுத்துவந்து பலகையாக்கலாம் என்று நினைக்காதீர்கள். பச்சை ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். சில நாளிலேயே நீலப் பூஞ்சை ஏறும், பிறகு வண்டு துளைத்துப் பொடியாக உதிர்த்துவிடும். மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திய பலகையையே வாங்க வேண்டும். துண்டுகளை ஒட்டிச் செய்த ரப்பர் மரப் பலகை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். தளவாடப் பட்டறையில் கேட்டால் மிச்சத் துண்டுகள் இன்னும் மலிவு.

இப்போது சுற்றிலும் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை), அந்த மரத்தில் செய்ய முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. செம்பனையின் உள்ளே இருப்பது நாம் நினைக்கும் மரம் அல்ல. மெத்தென்ற சதைக்குள் நார்க்கற்றைகள் ஓடும். மெல்லிய பிளேடு நாரைப் பிய்க்கும், சதை உதிரும். பிளேடு வீணாவதுதான் மிச்சம்.

பழகுவதற்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட் நல்லது. மலிவுப் பிளைவுட்டின் உள் அடுக்கில் இடைவெளி இருக்கும். சரியாக மயில் கழுத்தில் அந்த இடைவெளி வந்தால் கழுத்து ஒடிந்துவிடும். பலகையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். செங்கால் (chengal) போன்ற இரும்பாய்க் கடினமான மரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். தேக்கில் மணல்சத்து உண்டு, பிளேடைச் சீக்கிரம் மழுக்கும். ரப்பர் மரம் வெட்டு வாயில் கருகினால், பெட்டி ஒட்டும் அகல டேப்பைப் பலகை மேல் ஒட்டி, அதன் மேல் படத்தை ஒட்டி அறுங்கள். கருகல் வெகுவாகக் குறையும்.

நம் சீதோஷ்ணத்தில் வார்ப்பிரும்பு மேசை ஒரு மழைக்காலத்திலேயே துருவைக் காட்டும். வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் அழுத்தி விடுங்கள். பலகையும் வழுக்கிக்கொண்டு நகரும். பிளேடுகளை இறுக்க மூடும் டப்பாவில், மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

அறுக்கும் மெஷின்களில் இது சாதுவானது, ஆனாலும் கண்ணாடி போட வேண்டும். அறுந்த பிளேடின் துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. தூசி இன்னும் மோசம், மிக நுண்ணியது. தூசிக்கென்று உள்ள என்95 முகக்கவசமே போடுங்கள், துணிக் கவசம் போதாது. பலகையை மேசையோடு அழுத்திப் பிடிக்காவிட்டால் பிளேடு மேலேறும்போது பலகையையும் தூக்கித் தடதடவென்று அடிக்கும். புதியவர்கள் பயந்து கையை இழுப்பது அப்போதுதான். பலகையை விடாமல் அழுத்திக்கொண்டே மெஷினை நிறுத்துங்கள்.

இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்ற சந்தேகம் இருப்பவர்கள் முதலில் கையால் அறுக்கும் ஃப்ரெட் சா ஒன்றை வாங்கிப் பார்க்கலாம். வளைந்த இரும்புச் சட்டம், மரப் பிடி, அவ்வளவுதான். அதே 5 அங்குலத் தட்டை முனை பிளேடே அதற்கும் பொருந்தும் என்பதால், பிறகு மெஷின் வாங்கினாலும் பிளேடுகள் வீணாகாது. ஒரு மயிலைக் கையால் அறுத்து முடித்தவருக்கு மெஷினில் தனக்கு எது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருக்கும்.

மெஷின் வீட்டுக்கு வந்ததும், மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அங்குலத் தடிப்புள்ள கட்டையின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் ஆழம் அறுத்து, மெஷினை நிறுத்தி, கட்டையை அரை வட்டம் திருப்பிப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோங்கள். அந்த வெட்டு வாய்க்குள் பிளேடு தடையில்லாமல் நுழைந்தால் மேசை சரி. இடித்தால் மேசையின் சாய்வைக் கொஞ்சம் மாற்றி மறுபடி பாருங்கள். மேசையில் அச்சடித்த டிகிரி அளவை நம்ப வேண்டாம்.

பிறகு பிளைவுட்டில் நேர்கோடு ஒன்று போட்டு அறுங்கள். வெட்டு கோட்டை விட்டு ஒரு பக்கமாக, பெரும்பாலும் வலப்பக்கமாக இழுக்கும். மெஷின் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பிளேடில் பல் வெட்டும்போது ஒரு விளிம்பில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அறுப்பதால் வரும் இழுவை இது, எந்த விலை மெஷினிலும் இருக்கும். பலகையைச் சில டிகிரி சாய்த்துக் கொடுத்தால் வெட்டு கோட்டிலேயே போகும். எத்தனை டிகிரி என்பது பிளேடுக்கு பிளேடு மாறும். அதனால் புது பிளேடு மாட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கழிவுத் துண்டில் ஒரு கோடு அறுத்து, கைக்கு அந்தச் சாய்வைக் காட்டிவிட்டு, அப்புறம் நல்ல பலகையை எடுங்கள்.